எண்ணாத பிள்ளைங்களுக்கு எப்படி நிதி வரும்? அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கும், அதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு முடிவு பண்ற நிதி அமைச்சகத்துக்கும்,

2022-23 பட்ஜெட்ல, பிள்ளைங்களைப் பாதுகாக்கிறதுக்குன்னு இருக்கிற மிஷன் வாத்சல்யா திட்டத்துக்கு 1,472 கோடி ஒதுக்கினீங்க. 2023-24ல 1,472 கோடி. 2024-25லயும் அதே 1,472 கோடி. 2025-26ல 1,500 கோடி. நாலு பட்ஜெட் போட்டு ஏத்தினது 28 கோடி, ரெண்டு சதவீதம் கூட வரல. இதுக்கு நடுவுல விலைவாசி எங்க போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்குல குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் 2021ல 1,49,404 வழக்கு, 2022ல 1,62,449 வழக்கு, ஒரே வருஷத்துல 8.7 சதவீதம் ஏறியிருக்கு. வழக்கு ஏறுது, பிள்ளைங்களைப் பாதுகாக்கிற திட்டத்தோட நிதி மட்டும் ஆணி அடிச்ச மாதிரி அங்கேயே நிக்குது. இதைப் பார்த்துட்டு பேசாம இருக்க என்னால முடியல.

நான் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல காண்ட்ராக்ட்ல வேலை பார்த்தவ. முதல்ல வெளிக்களப் பணியாளர், அப்புறம் சமூகப் பணியாளர். இப்போ அந்த வேலையில இல்ல, அதனாலதான் வெளிப்படையா எழுத முடியுது, உள்ள இருக்கிறவங்க இப்படி எழுதினா அடுத்த வருஷம் ரினீவல் வருமாங்கிற பயத்துலயே இருக்கணும்.

குழந்தைகளுக்குன்னு மொத்தமா ஒரு லட்சம் கோடிக்கு மேல ஒதுக்குறோமேன்னு நீங்க சொல்லலாம். சொல்றீங்க, ஒவ்வொரு பட்ஜெட்லயும் அதுக்குன்னு தனியா ஒரு அறிக்கையே வைக்கிறீங்க. அதுல பெரும்பகுதி பள்ளிக்கூடமும் ஊட்டச்சத்தும். அதெல்லாம் வேணும், அதுல ஒரு ரூபா கூட குறைக்கச் சொல்லி நான் கேக்கல. ஆனா அடி வாங்குற பிள்ளை, கடத்தப்பட்ட பிள்ளை, யாருமே இல்லாத பிள்ளை, கல்யாணம் பண்ணி வைக்கப் பார்க்கிற பதினாலு வயசுப் பொண்ணு, இவங்களுக்குன்னு இருக்கிற திட்டத்துக்கு அந்த மொத்தத்துல நூத்துக்கு ஒன்றரை ரூபா கூட போகல. 2011 சென்சஸ்படி நாட்டுல 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க 44 கோடிப் பேர். 1,500 கோடியை 44 கோடியால வகுத்துப் பாருங்க, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 34 ரூபா. மாநிலங்கள் போடுற 40 சதவீதத்தைச் சேர்த்தாலும் 57 ரூபாகிட்டதான் வருது. எல்லாப் பிள்ளைக்கும் இந்தத் திட்டம் தேவைப்படாது, சரி. ஆனா எத்தனை பிள்ளைக்குத் தேவைப்படும்னு உங்களுக்குத் தெரியுமா? அதைக் கேக்கத்தான் இந்த மடலே. 

முதல்ல களத்துல என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். 2015 இளைஞர் நீதிச் சட்டம் நல்ல சட்டம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளையை 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்தணும். வீட்டு நிலவரத்தை நேர்ல போய் விசாரிச்சு சமூகப் புலனாய்வு அறிக்கை கொடுக்கணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா பராமரிப்புத் திட்டம் எழுதணும். நாலு மாசத்துக்குள்ள இறுதி உத்தரவு வரணும். இதையெல்லாம் ஓடி ஓடிச் செய்யறது யாரு? உங்க வழிகாட்டுதல்படியே ஒரு மாவட்டத்துக்கு ரெண்டு சமூகப் பணியாளர், ரெண்டு வெளிக்களப் பணியாளர், ஒரு ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர். வெளிக்களப் பணியாளருக்கு நீங்க நிர்ணயிச்ச மாசச் சம்பளம் 10,592 ரூபா. ஆற்றுப்படுத்துநருக்கு 18,536. ராத்திரி ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு பிள்ளையை எடுத்து வச்சிருக்கோம்னு போன் வந்தா கிளம்பிப் போறது இந்தப் பத்தாயிரத்துச் சொச்சம் சம்பளக்காரங்கதான். அதுவும் மாசா மாசம் வர்றதில்ல. நான் இருந்த அலகுல சம்பளமே சேர்ந்தாப்புல சில மாசம் நின்னு போன காலம் உண்டு, பஸ்ஸுக்கு அக்கம்பக்கத்துல கடன் வாங்கிட்டு வீட்டு விசாரணைக்குப் போன ஆளுங்களை எனக்குத் தெரியும். பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பொண்ணு முதல் தடவை வாயைத் திறந்து பேசுறதுக்கு வாரக்கணக்குல ஒரே ஆள் கூட உக்காரணும், ஆனா அந்த ஒரே ஆற்றுப்படுத்துநர் பாதியில வேற வேலை கிடைச்சுப் போயிடறாங்க, அந்த இடம் காலியாவே கிடக்கு, புதுசா ஒருத்தர் வந்ததும் அந்தப் பொண்ணு மறுபடி முதல்ல இருந்து சொல்லணும். சில பொண்ணுங்க ரெண்டாவது தடவை சொல்லவே மாட்டாங்க.

நிதி ஆதரவுத் திட்டத்தைப் பத்திச் சொல்றேன், ஏன்னா இதுதான் மிஷன் வாத்சல்யாவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பாம, அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ வச்சே வளர்க்க மாசம் 4,000 ரூபா. முன்னாடி 2,000 இருந்ததை நீங்கதான் 4,000 ஆக்கினீங்க, நல்லது பண்ணினீங்க. அம்மா செத்து அப்பா விட்டுட்டுப் போன ஒரு பையனுக்கும் அவன் தங்கச்சிக்கும் இதுக்கு விண்ணப்பம் போட்டோம். பாட்டிதான் வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கலெக்டர் தலைமையிலான கமிட்டியில ஒப்புதலும் ஆச்சு. கொஞ்ச நாள் பணம் வந்துச்சு, அப்புறம் மேல இருந்து நிதி வரலைன்னு நின்னுடுச்சு. பாட்டி போன் பண்ணிக் கேக்கும், "இந்த மாசமாவது வந்துருமா கண்ணு"ன்னு. வந்துரும் பாட்டின்னுதான் நாங்களும் சொல்லுவோம், எங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. ஒன்பதாவது படிச்சுக்கிட்டு இருந்த அந்தப் பையன் ஸ்கூலை விட்டுட்டு வேலைக்குப் போயிட்டான். அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. ஸ்கூலுக்குப் போகலைன்னா நிதி ஆதரவை நிறுத்தலாம்னு விதியில இருக்கு, அதனால பணம் மறுபடி வந்தப்போ பைல்ல அவன் பேருக்கு நேரா "பள்ளி இடைநின்றதால் நீக்கம்"னு எழுதிட்டாங்க. பணம் வராததாலதான் அவன் நின்னான். அந்த பைலை யார் எடுத்துப் படிச்சாலும் பையன் மேல தப்புங்கிற மாதிரிதான் தெரியும்.

வருமான வரம்பையும் பாருங்க. கிராமத்துல வருஷத்துக்கு 72,000 ரூபா, மத்த இடத்துல 96,000. அதாவது மாசம் 6,000 ரூபாயைத் தாண்டி சம்பாதிக்கிற ஒரு விதவைத் தாய், ரெண்டு பிள்ளையை வச்சிருந்தாலும், உங்க கணக்குல உதவி தேவைப்படாதவங்க. கூலி வேலை ஒழுங்கா கிடைச்சாலே இந்த வரம்பு தாண்டிடும். பல அம்மாங்க வருமானச் சான்றிதழ் ஆபீஸ் வாசல்ல நிக்கறப்போ உண்மையைச் சொல்லலாமா வேண்டாமான்னு கலங்கி நிக்கறதைப் பார்த்திருக்கேன், அந்த நிலைமைக்கு அவங்களை எதுக்குத் தள்ளணும்?

ஒதுக்கினதையே மாநிலங்கள் செலவு பண்றதில்லையேன்னு கேப்பீங்க, திருத்திய மதிப்பீட்டுல குறைக்கறப்போ வழக்கமா வர்ற பதில் அதுதான். கீழ இருந்து பார்த்தவளா சொல்றேன். பணம் நிதியாண்டுல பாதி போனப்புறம் வரும். மார்ச்சுக்குள்ள செலவு பண்ணி யூசி, அதாவது பணத்தைச் செலவு பண்ணிட்டோம்ங்கிற சான்றிதழ், கொடுங்கன்னு சொல்லுவாங்க. இடையில வேலை காலி இடமா கிடக்கறதால சம்பளத் தொகையும் மிஞ்சும். மிஞ்சினதைக் காட்டி அடுத்த தவணை லேட்டாகும், லேட்டானதால அடுத்த வருஷமும் மிஞ்சும். பணம் மிஞ்சினதுனால பிள்ளைங்களுக்குத் தேவையில்லைன்னு ஆயிடுமா? காத்திருக்கறவங்க லிஸ்ட்டை மாவட்டவாரியா ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்க.

மாநில அரசும் இதுல விலகி நிக்க முடியாது. 40 சதவீதம் உங்க பங்கு, அதை நேரத்துக்கு விடுங்க, ஒன்றிய அரசுகிட்ட இருந்து வந்ததையும் கையில வச்சுக்காம உடனே மாவட்டத்துக்கு அனுப்புங்க. உங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

இப்போ நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். சேவைக்கு நிதி இல்லாததுக்கு அடியில இன்னொன்னு இருக்கு, பிள்ளைங்களோட நிலைமையை ஆராய்ச்சி பண்றதுக்கு நிதியே இல்ல. எத்தனை பிள்ளைங்க எந்த நிலையில இருக்காங்கன்னே தெரியாதப்போ, 1,500 கோடி போதுமா போதாதான்னு பார்லிமெண்ட்ல யார்தான் கேக்க முடியும்?

2007ல உங்க அமைச்சகமே ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைங்ககிட்ட நேரடியா பேசி எடுத்தது. அதுல 53.22 சதவீதம் பிள்ளைங்க ஏதோ ஒரு வகையில பாலியல் கொடுமையைச் சந்திச்சதா சொன்னாங்க, பொண்ணுங்க மட்டுமில்ல, பசங்களும். அதுவரைக்கும் நம்ம வீடுகள்ல இதெல்லாம் நடக்காதுன்னு சொல்லிக்கிட்டு இருந்த நாடு அந்த நம்பரைப் பார்த்துதான் வாயடைச்சுப் போச்சு. 2012ல போக்சோ சட்டம் வந்ததுக்குப் பின்னால அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆய்வுல பேசின பிள்ளைங்களுக்கே இப்போ பிள்ளைங்க இருக்கும். அதுக்கப்புறம் ஸ்மார்ட்போன் வந்துச்சு, கொரோனா வந்துச்சு, ஆன்லைன்ல பிள்ளைங்களை வளைக்கிற கூட்டம் வந்துச்சு. ஆனா இன்னிக்கும் பயிற்சி வகுப்புல எங்களுக்குப் போட்டுக் காட்டுற ஸ்லைடுல அதே 2007 நம்பர்தான். போலீஸ்ல பதிவான வழக்கு எண்ணிக்கையை வச்சு நிலவரத்தைக் கணிக்க முடியாது, புகார் கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளைதான் அந்தக் கணக்குக்குள்ள வரும்.

எண்ணினா நிதி வரும்ங்கிறதுக்கு நீங்களே சாட்சி. 2020 மார்ச்சுக்கு அப்புறம் கொரோனாவாலயோ வேற காரணத்தாலயோ பெத்தவங்களை இழந்த பிள்ளைங்களை 2021ல உச்ச நீதிமன்றம் கணக்கெடுக்கச் சொல்லுச்சு. அதுக்கான பால் ஸ்வராஜ்ங்கிற ஆன்லைன் போர்ட்டல்ல மாவட்டம் மாவட்டமா பேரை ஏத்தினோம். ராத்திரியெல்லாம் உக்காந்து ஏத்தினாங்க எங்க ஆளுங்க. அந்த வருஷமே பிஎம் கேர்ஸ் ஃபார் சில்ட்ரன் திட்டம் வந்துச்சு, கொரோனாவால பெத்தவங்க ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கு 10 லட்சம்னு அறிவிச்சீங்க. தமிழ்நாட்டுல மாநில அரசு தனியா 5 லட்சம், ஒருத்தரை மட்டும் இழந்தவங்களுக்கு 3 லட்சம் அறிவிச்சுது. ரொம்ப நல்ல காரியம். ஆனா அதே தெருவுல அதுக்கு முன்னாடியே டிபியில அம்மாவையும் சாராயத்துல அப்பாவையும் இழந்த பிள்ளை இருந்துச்சே, அது எந்த போர்ட்டல்லயும் வரல. அந்தப் பிள்ளையோட பாட்டி என்கிட்ட "எங்களுக்கு அந்த 10 லட்சம் கிடையாதாம்மா"ன்னு கேட்டாங்க. கிடையாது பாட்டின்னு சொல்றதுக்கு எனக்கு நாக்கு கூசிச்சு.

ஆராய்ச்சிங்கிறது ஏதோ பல்கலைக்கழகத்துல பேப்பர் போடுறதுக்குன்னு நினைச்சுடாதீங்க. 2018ல பீகார் முசாபர்பூர் இல்லத்துல நடந்த கொடுமை எப்படி வெளிய வந்துச்சு? அந்த மாநில அரசே கேட்டுக்கிட்டு டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோட கோஷிஷ் குழு பண்ணின சமூகத் தணிக்கையாலதான். அதுக்கு முன்னாடியும் அந்த இல்லத்துக்கு அதிகாரிங்க ஆய்வுக்குப் போய்க்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா பிள்ளைங்ககிட்ட உக்காந்து பேசி, அவங்க சொன்னதை நம்பி எழுதினது அந்த ஆராய்ச்சிக் குழு. அதுக்கப்புறம்தான் எஃப்ஐஆர், சிபிஐ, 2020 ஜனவரியில 19 பேருக்கு நீதிமன்றம் குற்றவாளிங்கன்னு தீர்ப்பு. அந்தத் தணிக்கைக்கு அன்னிக்கு நிதி கொடுக்காம விட்டிருந்தா அந்தப் பொண்ணுங்க இன்னும் எத்தனை நாள் உள்ள இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம நாட்டுல இருக்கிற எல்லா இல்லத்துக்கும் அப்படி ஒரு வெளியாள் குழு எப்போ போச்சு, எப்போ போகும்?

ருமேனியாவையும் சொல்லணும். அங்க சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆட்சி 1989ல கவிழ்ந்தப்போ அங்க இல்லங்கள்ல லட்சத்துக்கும் மேல பிள்ளைங்க இருந்தாங்க. 2000ல சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூணு பேரும் புக்காரெஸ்ட்ல 136 குழந்தைங்களை வச்சு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பத்துல விட்டு, மீதிப் பேர் வழக்கம்போல இல்லத்துல. வளர்ப்புக் குடும்பமுங்கிறதே அங்க அப்போ சரியா இல்ல, ஆய்வுக்காகவே உருவாக்கினாங்க. குடும்பத்துக்குப் போன பிள்ளைங்களோட அறிவு வளர்ச்சி நல்லாத் தேறுச்சு, அதுலயும் ரெண்டு வயசுக்கு முன்னாடி போனவங்க ரொம்பத் தேறினாங்க. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களை இல்லத்துல சேர்க்கக் கூடாதுன்னு ருமேனியா சட்டமே கொண்டு வந்துச்சு, மாற்றுத்திறன் கடுமையா இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் விலக்கு. நம்ம சட்டமும் இல்லம் கடைசி வழியா இருக்கணும்னுதான் சொல்லுது. ஆனா இங்க வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைங்க பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்க, இல்லத்துல இருந்து 18 வயசுல வெளிய போனவங்க எங்க இருக்காங்க, இல்லத்தை விட்டுப் போனவங்களுக்கு பிற்காப்புன்னு 21 வயசு வரை மாசம் 4,000 கொடுக்கிறோமே அது எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்துச்சு, இதையெல்லாம் பிள்ளைங்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்துச் சொல்றதுக்கு எங்க மாவட்டத்துல ஒரு ஆளும் இல்ல, ஒரு ரூபாயும் இல்ல. ஒரு பையன் இல்லத்துல பதினெட்டு முடிஞ்சு கிளம்பினா அவன் பைலும் அன்னியோட முடிஞ்சுது.

இதுல ரொம்ப வேதனை என்னன்னா, விவரம் இல்லாம இல்ல. நாங்க எழுதின ஒவ்வொரு சமூகப் புலனாய்வு அறிக்கையிலயும் இருக்கு. பிள்ளை ஏன் வீட்டை விட்டு வந்துச்சு, வீட்டுல யார் சம்பாதிக்கிறது, யார் அடிச்சது, எந்த வகுப்புல நின்னுச்சு, எங்க வேலைக்கு வச்சாங்க, எல்லாம் ஃபாரம் ஃபாரமா எழுதியிருக்கோம். பொங்கல் முடிஞ்சு செங்கல் சூளைக்கு குடும்பத்தோட போற சீசன்ல எங்ககிட்ட ஒரே பக்கத்து ஊர்ப் பிள்ளைங்களா வரும். எங்களுக்கு அது கண்ணுல படும், ஆனா அதை யார்கிட்ட சொல்றது? அந்த அறிக்கைகளை மொத்தமா எடுத்துப் படிச்சு, பேரை நீக்கிட்டு, இந்த மாவட்டத்துல இந்த மாசத்துல இந்த ஊர்ல இருந்து பிள்ளைங்க வர்றாங்க, முன்கூட்டியே போய் தடுக்கலாம்னு சொல்றதுக்கு ஒரே ஒரு ஆய்வாளர் போதும். அறிக்கைங்க பீரோவுல கிடக்கு, போர்ட்டல்ல ஏத்தினதுல இருந்து எங்களுக்குத் திரும்பி எந்தத் தகவலும் வந்ததில்ல. மாசா மாசம் எண்ணிக்கை மட்டும் கேப்பாங்க.

1992 டிசம்பர்ல ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நாம ஏத்துக்கிட்டோம். கையில இருக்கிற வளத்தை முடிஞ்ச மட்டும் பிள்ளைங்களோட உரிமைக்குப் பயன்படுத்தணும்னு அதோட நாலாவது பிரிவு சொல்லுது. உங்க அமைச்சகத்தோட 2016 தேசிய செயல்திட்டமே பட்ஜெட்ல 5 சதவீதமாவது குழந்தைகளுக்கு வேணும்னு சொல்லிச்சு, 2025-26ல அதுல பாதியைக் கூட தொடல. யாரோ வெளியில இருந்து வச்ச அளவுகோலை வச்சு நான் பேசல, எல்லாம் நீங்க கையெழுத்துப் போட்டதும் நீங்க எழுதினதும்தான்.

அதனால கேக்குறேன். மிஷன் வாத்சல்யா ஒதுக்கீட்டை அடுத்த பட்ஜெட்ல குறைஞ்சது ரெண்டு மடங்கு ஆக்குங்க, அதுக்கப்புறம் வருஷா வருஷம் விலைவாசியோட சேர்த்து ஏத்துங்க. நிதி ஆதரவையும் ஊழியர் சம்பளத்தையும் யூசி கணக்குல இருந்து தனியாப் பிரிச்சு ஏப்ரல் மாசமே முதல் தவணையை விடுங்க, ஒரு மாவட்டம் கணக்கு லேட்டா கொடுத்ததுக்குப் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது. தகுதி இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓய்வூதியம் மாதிரி மாசா மாசம் நிதி ஆதரவு போகணும், இந்த வருஷத்துக் கோட்டா முடிஞ்சுதுன்னு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, 72,000 வரம்பைத் திருத்துங்க, பணம் தடைப்பட்ட காலத்துல ஸ்கூல் நின்ன பிள்ளைங்களை லிஸ்ட்ல இருந்து நீக்கினதை ரத்து பண்ணுங்க. பெத்தவங்க எப்போ, எந்தக் காரணத்துல செத்திருந்தாலும் கொரோனாப் பிள்ளைங்களுக்கு எடுத்த மாதிரியே எல்லா ஆதரவற்ற பிள்ளைங்களையும் கணக்கெடுங்க. வெளிக்களப் பணியாளர் சம்பளத்தைத் திருத்துங்க, ஆற்றுப்படுத்துநர் இடம் ஒரு மாசத்துக்கு மேல காலியா இருந்தா யார் பொறுப்புன்னு எழுத்துல சொல்லுங்க, மாவட்டத்துக்கு ஒரு ஆற்றுப்படுத்துநர்ங்கிறதை மாத்துங்க.

ஆராய்ச்சிக்கு இந்தத் திட்டத்தோட நிதியில 3 சதவீதமாவது தனியா எடுத்து வைங்க, அதை வேற செலவுக்குத் திருப்பக் கூடாதுன்னு உத்தரவு போடுங்க. அந்தப் பணத்துல 2007 ஆய்வை எல்லா மாநிலத்துலயும் புதுசா நடத்துங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப நடத்துங்க, பிள்ளைங்க அடையாளம் தெரியாதபடி விவரத்தைப் பொதுவுல வைங்க. எல்லா இல்லத்துலயும் அரசுக்கு வெளியில இருக்கிற குழு சமூகத் தணிக்கை பண்ணணும், அறிக்கையை வெளியிடணும். இல்லத்தை விட்டுப் போன பிள்ளைங்களை 25 வயசு வரைக்குமாவது தொடர்ந்து பார்க்கிற ஒரு ஆய்வுக்கு இப்பவே அனுமதி கொடுங்க. ஒவ்வொரு மாவட்ட அலகுக்கும் சமூகப் புலனாய்வு அறிக்கைகளைப் படிச்சுத் தொகுக்கிறதுக்குன்னே ஒரு ஆய்வாளர் பதவி கொடுங்க, அவர் கண்டுபிடிச்சது முதல்ல அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் களப் பணியாளருக்கும் போகணும், அப்புறம்தான் டெல்லிக்கு.

அடுத்த பட்ஜெட் தயாரிப்புக் கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதுல எதைச் செய்வீங்க, எதைச் செய்ய மாட்டீங்க, செய்யலைன்னா என்ன காரணம்ங்கிறதை உங்க ரெண்டு அமைச்சகமும் எழுத்துப்பூர்வமா வெளியிடணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்றின் முன்னாள் சமூகப் பணியாளர்